கடைசிப் பக்கத்துக்குப் பூஜ்யம்

ஒருவர் இணையதளத்துக்கு வருகிறார். நீண்ட கட்டுரை ஒன்றைப் பத்து நிமிடம் நிதானமாகப் படிக்கிறார். வேறெதையும் தொடாமல் கிளம்பிவிடுகிறார். அவர் அங்கே இருந்த நேரம் எவ்வளவு? கூகுள் அனலிட்டிக்ஸின் பழைய கணக்குப்படி 0 நொடி!

2005-இல் அர்ச்சின் என்ற நிறுவனத்தை வாங்கி கூகுள் உருவாக்கிய கருவி அது. ஒரு பக்கம் திறக்கும் நேரத்தைக் குறித்துக்கொள்ளும். அடுத்த பக்கம் திறந்ததும் மறுபடி குறிக்கும். இரண்டுக்கும் உள்ள இடைவெளியே முதல் பக்கத்தில் செலவான நேரம். அடுத்த பக்கம் திறக்காவிட்டால் இடைவெளி ஏது? அதனால் ஒவ்வொரு வருகையிலும் கடைசிப் பக்கம் கணக்கில் சேராமலே போனது. தேடி வந்தது கிடைத்து, ஆள் நிறைவோடு எழுந்துபோன பக்கம் பெரும்பாலும் அதுதான்.

இதற்கு நேர்மாறான கூத்தும் உண்டு. பக்கத்தைத் திறந்துவைத்துவிட்டு டீ குடிக்கப் போனவர், 25 நிமிடம் கழித்து வந்து அடுத்ததைச் சொடுக்கினால், டீக்கடை நேரமும் வாசிப்பாகவே பதிவாகும். 30 நிமிடம் எந்த அசைவும் இல்லாவிட்டால்தான் வருகை முடிந்ததாக அர்த்தம்.

செலவான நேரம் இப்படி ஓட்டையான அளவுகோல் என்றாலும், அதன் மவுசு குறையவில்லை. பக்கம் மாறாமலே உள்ளே இருப்பது மாறும் தளங்களும் வீடியோக்களும் பெருகியதால், 2007-இல் இணைய அளவீட்டு நிறுவனமான நீல்சன்/நெட்ரேட்டிங்ஸ் தன் தரவரிசையில் பக்க எண்ணிக்கையை விட்டு மொத்த நிமிடங்களுக்கு மாறியது. 2012-இல் யூடியூபும் பார்வை எண்ணிக்கையைவிடப் பார்த்த நேரத்துக்கே முன்னுரிமை தந்தது. கவர்ச்சிப் படம் போட்டு ஏமாற்றியவர்களுக்கு அது அடிதான். ஆனால் இரண்டு நிமிட விஷயத்தைப் பன்னிரண்டு நிமிடம் இழுக்கும் வித்தைக்கு அதுவே தீனியும் போட்டது.

தவிர, நேரம் கூடினால் நல்லது என்பதும் எல்லா இடத்துக்கும் பொருந்தாது. மின்கட்டணம் கட்டும் பக்கத்தில் அது ஏறுகிறதென்றால், பணம் கட்டும் பொத்தானைத் தேடி மக்கள் அல்லாடுகிறார்கள் என்றே சந்தேகப்பட வேண்டும்.

பழைய அனலிட்டிக்ஸ் 2023 ஜூலை 1 முதல் படிப்படியாக நிறுத்தப்பட்டது. அதன் இடத்துக்கு வந்த ஜிஏ4 (கூகுள் அனலிட்டிக்ஸ் 4), பக்கம் திரையில் முன்னால் இருக்கும் நேரத்தை மட்டும் எண்ணுகிறது. நல்ல திருத்தம்தான். ஆனால் 10 நொடி தாண்டினாலே அதை ஈடுபாடுள்ள வருகை என்று சொல்லிவிடுகிறது. ரொம்பவே தாராள மனசு! இதற்கிடையே, பழைய எண்ணையும் புதிய எண்ணையும் ஒரே வரைபடத்தில் கோத்து, “பாருங்கள், வாசிப்பு மாறிவிட்டது” என்று கூட்டம் போட்டுக் காட்டும் மேலாளர்களும் இருக்கிறார்கள்.