வேலை போனவருக்கும் விலை உண்டு

“லாஸ்ட் ஒர்க்கிங் டே எப்ப?” மூன்று சுற்று நேர்காணலிலும் தடுமாறாதவர்கள்கூட, எச்.ஆர். போனில் இதைக் கேட்டதும் குரல் இறங்கிவிடுகிறார்கள். அடுத்து “எவ்வளவு எதிர்பார்க்கிறீங்க?” என்று வரும்போது, “பழைய சம்பளமே போதும் மேடம், கொஞ்சம் குறைஞ்சாலும் பரவாயில்லை” என்று தங்கள் விலையைத் தாங்களே இறக்கிவிடுகிறார்கள். பேரம் தொடங்கும் முன்பே முடிந்துபோகிறது.

2025 ஜூலையில் டிசிஎஸ் நிறுவனம் தன் ஊழியர்களில் சுமார் 2 சதவீதம் பேரை, அதாவது 12,000-க்கும் மேற்பட்டோரைக் குறைக்கப்போவதாக அறிவித்தது. பெரும்பாலோர் நடுத்தர, மூத்த நிலைகளில் இருப்பவர்கள் என்றும் சொன்னது. நீண்ட அனுபவத்தோடு வீட்டுக் கடன் தவணையும் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமும் சேர்ந்து நிற்கும் வயது அது. அந்த நெருக்கடியில் முதலில் வரும் ஆஃபருக்கே தலையாட்டத் தோன்றுவது இயல்பு. ஆனால், வேலை இழந்தவர் வெறுங்கையோடு அந்த போனை எடுப்பதில்லை.

‘உடனே சேரலாம்’ என்பதன் மதிப்பு

நம் ஐ.டி. துறையில் 90 நாள் நோட்டீஸ் பீரியட் சாதாரணம். வேலையில் இருப்பவரைத் தேர்வு செய்தால் மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். அதற்குள் பழைய நிறுவனம் சம்பளத்தைக் கூட்டி அவரைத் தக்கவைத்துக்கொள்ளலாம். அவரே இன்னொரு ஆஃபரைக் காட்டிக் கழன்றுகொள்ளலாம். சீக்கிரம் வரவழைக்க வேண்டுமானால் நோட்டீஸ் காலத்துக்கான பணத்தைப் புது நிறுவனம் கட்ட வேண்டிவரும். அடுத்த திங்கட்கிழமையே வந்து உட்காரக்கூடியவரால் இந்தச் செலவும் இழுபறியும் மிச்சம். “புராஜெக்ட்டுக்கு ஆள் எப்போது தேவை?” என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். “உடனே” என்று பதில் வந்தால் பேரத்தில் உங்கள் பக்கம் கனம் கூடுகிறது.

பழைய சம்பளத்தை மட்டும் கூட்டிச் சொல்லாதீர்கள். பே-ஸ்லிப், ஃபார்ம் 16, பி.எஃப். கணக்கு விவரம் எல்லாம் சரிபார்ப்புக்குப் போகும். பொய் தெரிந்தால் ஆஃபரே போய்விடும். வேலை போனதையும் மறைக்க வேண்டியதில்லை. “ஆட்குறைப்பில் எங்கள் குழு கலைக்கப்பட்டது” என்பதுபோல் நடந்ததை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டு, “இந்தப் பொறுப்புக்கு நீங்கள் வைத்திருக்கும் சம்பள வரம்பு என்ன?” என்று கேளுங்கள். பேச்சு பழைய சம்பளத்திலிருந்து புது வேலைக்கு நகர்ந்துவிடும்.

12 லட்சம் எப்படி 71,700 ஆகிறது?

ஆஃபர் கடிதத்தில் பெரிதாகத் தெரியும் சிடிசி, அதாவது நிறுவனம் உங்களுக்காக ஆண்டுக்குச் செலவிடும் மொத்தத் தொகை, மாதாமாதம் கைக்கு வரும் பணம் இல்லை. உதாரணத்துக்கு, சிடிசி 12 லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அதில் 15 சதவீதம், செயல்பாட்டைப் பொறுத்துத் தரும் வேரியபிள் என்றால் 1,80,000 ரூபாய் மாதச் சம்பளத்தில் வராது. அடிப்படைச் சம்பளம் 5 லட்சம் என்றால், நிறுவனம் கட்டும் பி.எஃப். 12 சதவீதம், அதாவது 60,000. கிராஜுவிட்டி 4.81 சதவீதம், அதாவது 24,050. மருத்துவக் காப்பீட்டுக்கு 15,000 என்று வைப்போம். உங்கள் பங்கு பி.எஃப். இன்னொரு 60,000. எல்லாம் போக மிஞ்சுவது 8,60,950. மாதத்துக்குச் சுமார் 71,700. “மாதம் ஒரு லட்சம்” என்று வீட்டில் சொல்லியிருந்தால் அங்கேதான் சங்கடம்.

கிராஜுவிட்டியிலும் ஒரு கண் வேண்டும். நிரந்தர ஊழியர் பொதுவாக ஐந்தாண்டை நிறைவு செய்தால்தான் அது கிடைக்கும். புது இடத்தில் அந்தக் கணக்கு பூஜ்ஜியத்திலிருந்து தொடங்குகிறது. எனவே, “ஃபிக்ஸட் எவ்வளவு, வேரியபிள் எவ்வளவு, போன வருடம் வேரியபிள் எத்தனை சதவீதம் கொடுத்தீர்கள்?” என்று கேட்பது உங்கள் உரிமை.

சம்பளம் நகரவில்லையா?

“எங்க பேண்டில் இதுக்கு மேல முடியாது” என்று எச்.ஆர். சொன்னால் அது உண்மையாகவே இருக்கலாம். அப்போது வேறு கதவுகளைத் தட்டலாம். ஜாய்னிங் போனஸ் கேட்கலாம். ஓராண்டுக்குள் விலகினால் முழுவதும் திருப்பித் தர வேண்டுமா, வேலை பார்த்த மாதங்களைக் கழித்துக்கொள்வார்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஆறாம் மாதத்தில் சம்பள மறுபரிசீலனை கேட்கலாம். பெற்றோருக்கும் காப்பீடு கேட்கலாம். பழைய நிறுவனத்தின் குழுக் காப்பீடு பெரும்பாலும் வேலையோடு முடிந்துவிடுவதால், புதியது சேர்ந்த நாளிலிருந்தே அமலாகிறதா என்பது முக்கியம்.

இவற்றை ஒரே மூச்சில், ஒரே தடவை கேளுங்கள். தினம் ஒன்றாகக் கேட்டால் எதிரில் இருப்பவருக்குச் சலிப்பு வரும். போனில் சம்மதித்தது எதுவானாலும் திருத்திய ஆஃபர் கடிதத்தில் ஏற வேண்டும். “பார்த்துக்கலாம் சார்” என்று சொன்ன எச்.ஆர். ஆறு மாதத்தில் வேறு நிறுவனத்துக்குப் போயிருக்கலாம்.

பேசத் தொடங்கும் முன், வாடகை, தவணை, கட்டணம், மளிகை எல்லாம் கூட்டி, இதற்குக் கீழே போனால் வண்டி ஓடாது என்ற தொகையை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சேமிப்பு கரைந்துவிட்டதென்றால், அந்தத் தொகையைத் தொடும் ஆஃபரை எடுத்துக்கொள்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அப்போதும், “சரி” என்று சொல்வதற்கு முன், “யோசிக்க இரண்டு நாள் வேண்டும் மேடம்” என்று மட்டும் கேளுங்கள். மூன்று சுற்று நடத்தித் தேர்ந்தெடுத்த ஒருவரை, இரண்டு நாள் கேட்டதற்காக யாரும் எளிதில் விட்டுவிட மாட்டார்கள்.