மெதுவாகச் செல்பவரே வேகத்தை முடிவு செய்யட்டும்

பேராக்கின் கிரிக்கையும் கிளந்தானின் ஜெலியையும் இணைக்கும் கிழக்கு மேற்கு நெடுஞ்சாலை, தித்திவங்சா மலைத்தொடரைக் கடந்து செல்கிறது. 2025 ஜூன் 9ஆம் தேதி நள்ளிரவுக்குப் பின், இச்சாலையில் நேர்ந்த பேருந்து விபத்தில் 15 பல்கலைக்கழக மாணவர்கள் உயிரிழந்தனர். நம் வயதினர் அவர்கள். அதனால், கடந்த பருவ விடுமுறையில் மோட்டார் சைக்கிளில் சென்ற நாங்கள் ஆறு பேரும் பகலிலேயே மலையைக் கடக்க முடிவு செய்தோம். கிரிக்கில் பெட்ரோல் நிரப்பிக்கொண்டு காலையில் புறப்பட்டோம்.

பண்டிங் பாலத்தில் தெமெங்கோர் ஏரி இருபுறமும் விரிகிறது. அணை கட்டியதால் உருவான ஏரி இது. தீபகற்பத்தில் கென்யிர் ஏரிக்கு அடுத்துப் பெரியது. அதைத் தாண்டினால் ஏற்றமும் வளைவும்தான். யானைகள் கடக்கும் இடங்களில் எச்சரிக்கைப் பலகைகள் உள்ளன.

குழுவாகச் செல்வதில் பெரிய ஆபத்து, முன்னால் போகிறவரை எட்டிப்பிடிக்கும் அவசரம். எங்களில் ஒருவரின் மோட்டார் 110 சிசி. வழிகாட்டிக்கு அடுத்து அவரை விட்டோம். அவர் வேகமே எல்லாருக்கும் வேகம். அனுபவமுள்ள நண்பர் கடைசியில் வந்தார். நேரான சாலையில் இடமும் வலமுமாக மாறிச் சென்றோம். வளைவுகளில் ஒற்றை வரிசை.

நண்பர்களே, அடுத்த பயணத்தைத் திட்டமிடும்போது, குழுவில் மிக மெதுவாகச் செல்பவர் யாரென்று முதலில் கேளுங்கள். அவரை வைத்தே பயண நேரத்தைக் கணக்கிடுங்கள்.