பழைய செட் இன்னும் பாடும்!

கேசட் ஓடவில்லை என்று நல்ல ஸ்டீரியோ செட்டைக் காயலான் கடையில் போடுவோர் பலர். ஆம்ப்ளிபயரும் ஸ்பீக்கரும் சரியாக இருந்தால் அவசரப்பட வேண்டாம்.

1998-ல் அறிமுகமான புளூடூத் முறையில், செல்போன் பாட்டு கம்பியின்றிச் சுமார் 10 மீட்டர் தூரம் செல்லும். சுவர் குறுக்கிட்டால் தூரம் குறையும். பாட்டை வாங்கித் தரும் சிறு ரிசீவரின் ஒயரை, செட்டின் பின்புறம் 'ஆக்ஸ்' என்றுள்ள சிவப்பு, வெள்ளைத் துளைகளில் செருக வேண்டும். 'போனோ' துளை ரிகார்டு பிளேயருக்கு உரியது. அதில் செருகினால் ஒலி சிதறும்.

டாக்சியில் ஆக்ஸ் துளை இல்லையா? சிகரெட் லைட்டர் துளையில் எப்.எம். டிரான்ஸ்மிட்டரைச் செருகி, நிலையம் எதுவும் ஒலிக்காத எண்ணில் அதையும் ரேடியோவையும் வைக்கலாம். நிலையங்கள் நெருங்கிய மும்பையில் கரகரப்பு வரக்கூடும்.

போனை இணைப்பது வண்டி நிற்கும்போது மட்டுமே. பாட்டைவிட உயிர் பெரிது.