கணிப்பொறியில் கையொப்பமும் இரசீதும்

மருந்துக் கடையில் புட்டி வாங்குபவர் இரண்டைப் பார்க்கிறார். தயாரித்த நிறுவனத்தின் பெயர் ஒன்று. மூடியின் முத்திரை உடையாமல் இருக்கிறதா என்பது மற்றொன்று. கடைக்காரரின் கவலையோ வேறு. பணம் வந்ததா, பில் போட்டாயிற்றா என்பதே அவர் பார்ப்பது. கணிப்பொறிக்கான மென்பொருளை விற்பவருக்கும் வாங்குபவருக்கும் இடையே உள்ளவையும் இவ்விரு கவலைகளே. வாங்குபவரின் ஐயத்தைப் போக்க வந்தது நிரலுக்குக் கையொப்பமிடும் முறை. விற்பவரின் ஐயத்தைப் போக்க வந்தது இரசீதைச் சரிபார்க்கும் முறை. இவை எவ்வாறு நடைபெறுகின்றன, எங்கே இடறுகின்றன என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

மென்பொருள் என்பது, அதன் ஆடை அணிகளை எல்லாம் களைந்துவிட்டுப் பார்த்தால், சுழியும் ஒன்றும் கலந்த மிக நீண்ட எண் வரிசையே. கோடிக்கணக்கான இலக்கங்களில் எவரேனும் நடுவழியில் நூறு இலக்கங்களை மாற்றிவிட்டால் நம் கண்ணுக்குத் தெரியுமா? தெரியாது. ஆகவே அவ்வரிசை முழுவதையும் ஒரு கணித முறைக்கு உட்படுத்தி, ஒரு சிறிய எண்ணாகச் சுருக்குகிறார்கள். இதனை ஹாஷ் என்பர். நாம் சுருக்கெண் என்று சொல்லிக்கொள்வோம். எஸ்.எச்.ஏ.-256 என்ற முறையில், மூலம் எவ்வளவு பெரிதாயினும், கிடைக்கும் சுருக்கெண் 256 இருமங்களே. மூலத்தில் ஒரே ஓர் இலக்கம் மாறினாலும் சுருக்கெண் அடையாளம் தெரியாதவாறு மாறிவிடும். அதே சுருக்கெண் வரும்படி வேறொரு கோப்பை உண்டாக்குவது நடைமுறையில் இயலாத செயல். பழைய எம்.டி.5 முறையைப் பற்றியும் ஒரு காலத்தில் இப்படித்தான் சொன்னார்கள். 2012-இல் வெளிப்பட்ட ஃபிளேம் என்னும் தீநிரல், அம்முறையின் பலவீனத்தைக் கொண்டே மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் கையொப்பம் போலவே ஒன்றைப் படைத்துக்கொண்டது. கணிதப் பூட்டுகளுக்கும் ஆயுள் உண்டு.

சுருக்கெண் கிடைத்துவிட்டது. அதில் கையொப்பமிடுவது எப்படி? இதற்கான கருத்தை 1976-இல் அமெரிக்காவின் டிஃபியும் ஹெல்மனும் வெளியிட்டனர். ஒருவருக்கு இரண்டு சாவிகள். ஒன்றை அவர் தம்மிடமே மறைத்து வைத்துக்கொள்வார். மற்றதை ஊரறியக் கொடுத்துவிடுவார். மறைசாவியால் இட்ட குறியைப் பொதுச்சாவியைக் கொண்டு எவரும் சரிபார்க்கலாம்; ஆனால் பொதுச்சாவியை மட்டும் வைத்துக்கொண்டு அக்குறியை இட எவராலும் இயலாது. 1977-இல் ரிவெஸ்ட், ஷமீர், ஏடில்மன் ஆகிய மூவர் இதனைச் செயல்முறைக்குக் கொண்டுவந்தனர். அவர்கள் பெயர்களின் முதலெழுத்துகளே ஆர்.எஸ்.ஏ. என்று வழங்குகின்றன. இரண்டு பெரிய பகா எண்களைப் பெருக்குவது எளிது. பெருக்கி வந்த எண்ணை மட்டும் கொடுத்து அவ்விரண்டையும் கண்டுபிடிக்கச் சொன்னால் வல்லமை மிக்க கணிப்பொறியும் திணறும். இதுவே அப்பூட்டின் இரகசியம். பகா எண்களால் யாருக்கு என்ன பயன் என்று வகுப்பில் கேட்கும் நண்பர்களுக்கு இதைவிட நல்ல விடை எனக்குத் தெரியவில்லை.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எங்கள் குடும்பத்தில் என் பாட்டனார் நிலப் பத்திரத்திலும் கடன் ஏட்டிலும் வைத்தது கைநாட்டே. கைநாட்டு ஆளைச் சரியாகக் காட்டும், ஐயமில்லை. ஆனால் அது எந்தத் தாளிலும் ஒரே மாதிரியானது. வெற்றுத் தாளில் வாங்கி வைத்துக்கொண்டு, பிறகு மேலே எதை வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம். அப்படி எழுதப்பட்ட தாள்களால் காணி இழந்தவர்களைப் பற்றி எங்கள் ஊரில் இன்றும் பேசுவார்கள். டிஜிட்டல் கையொப்பம் அத்தகையதன்று. அது ஆளையும் காட்டும். எந்த வாசகத்துக்கு ஒப்பினார் என்பதையும் காட்டும். வாசகம் மாறினால் சுருக்கெண் மாறும். சுருக்கெண் மாறினால் கையொப்பம் பொருந்தாது. ஒரு நிரலில் இட்ட கையொப்பத்தை வெட்டி எடுத்து இன்னொரு நிரலில் ஒட்ட இயலாது. நம் நாட்டில் 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் இத்தகைய கையொப்பத்துக்குச் சட்ட மதிப்பையும் அளித்துள்ளது.

பொதுச்சாவி இன்னாருடையதுதான் என்பதற்கு யார் பொறுப்பு? அதற்கெனச் சான்றளிக்கும் நிறுவனங்கள் உள்ளன. விண்டோஸ் உலகில் 1996 முதல் ஆதென்டிகோட் என்ற பெயரில் இம்முறை வழங்கி வருகிறது. ஆப்பிளின் மேக் கணிப்பொறிகளிலோ சான்றளிப்பவரும் ஆப்பிளே. ஆண்டுக்கு 99 டாலர் கட்டி உறுப்பினராகும் மென்பொருள் ஆக்குநருக்கு அந்நிறுவனம் சான்றிதழ் தருகிறது. 2012-இல் கேட்கீப்பர் என்னும் வாயிற்காவலன் வந்து, கையொப்பமில்லாத நிரல்களைத் தடுத்து நிறுத்தலாயிற்று. 2019-இல் வந்த கேட்டலினா பதிப்பு முதல், கடைக்கு வெளியே விற்கும் மென்பொருளையும் ஆப்பிளுக்கு அனுப்பித் தானியங்கிச் சோதனையில் தேறிய பிறகே வெளியிட வேண்டும் என்றாயிற்று. விண்டோஸ் கணிப்பொறியில் இதனை நாமே பார்க்கலாம். ஏதேனும் ஒரு நிறுவும் கோப்பின் மீது மவுஸின் வலப் பொத்தானை அழுத்தி, அதன் பண்புகளைத் திறந்தால், கையொப்பமிட்டிருப்பின் டிஜிட்டல் கையொப்பத்துக்கென ஒரு பக்கம் இருக்கும். அதில் இட்டவரின் பெயரும் தேதியும் தெரியும்.

கையொப்பம் இருந்தால் மென்பொருள் நல்லது என்று பொருளா? இல்லவே இல்லை. 2010-இல் வெளிப்பட்ட ஸ்டக்ஸ்நெட் ஈரானின் அணு எரிபொருள் ஆலை எந்திரங்களைக் கெடுக்க எழுதப்பட்ட தீநிரல். அதன் உறுப்புகளில் ரியல்டெக் நிறுவனத்தின் கையொப்பம் இருந்தது. அச்சான்றிதழ் இரத்துச் செய்யப்பட்ட சில நாட்களுக்குள் ஜேமைக்ரான் நிறுவனத்தின் கையொப்பத்துடன் இன்னொன்று அகப்பட்டது. இரண்டும் தைவானில் ஒரே தொழிற்பூங்காவில் இயங்கும் நிறுவனங்கள். இரண்டு கையொப்பங்களும் கணித முறைப்படி மெய்யானவையே; சாவிதான் களவு போயிருந்தது. 2023 ஜூன் முதல், விண்டோஸுக்கான இத்தகைய சான்றிதழ்களின் மறைசாவியைச் சாதாரணக் கோப்பாக வைத்திருக்கக் கூடாது, வெளியே எடுக்க முடியாத தனிச் சாதனத்துக்குள்தான் வைத்திருக்க வேண்டும் என்று விதி வந்திருப்பது இத்தகைய களவுகளைத் தடுக்கவே. தனியொருவராக மென்பொருள் எழுதி விற்பவருக்கு இது கூடுதல் செலவு. ஆயினும் வேண்டிய செலவே.

இனி இரசீதுக்கு வருவோம். 2011 ஜனவரி 6-ஆம் நாள் ஆப்பிள் நிறுவனம் மேக் கணிப்பொறிகளுக்கான மென்பொருள் கடையை ஆயிரத்துக்கும் மேற்பட்ட மென்பொருள்களுடன் திறந்தது. அங்கே வாங்கும் ஒவ்வொன்றுக்குள்ளும் இரசீது என்ற சிறு கோப்பு ஒன்று வைக்கப்படும். அதில் மென்பொருளின் அடையாளப் பெயர், பதிப்பு எண், ஒரு சுருக்கெண் முதலியன இருக்கும். அனைத்தின் மேலும் ஆப்பிளின் கையொப்பம் இருக்கும். அந்தச் சுருக்கெண் சுவையானது. வாங்கியவரின் கணிப்பொறியில் வலைத் தொடர்பு உறுப்புக்கெனத் தொழிற்சாலையிலேயே இடப்பட்ட தனி எண், இரசீதில் உள்ள ஒரு மறைமதிப்பு, மென்பொருளின் அடையாளப் பெயர் ஆகிய மூன்றையும் சேர்த்துக் கணக்கிட்டது அது. ரயில் சீசன் டிக்கெட்டில் அடையாள அட்டையின் எண்ணைக் குறிப்பது போன்றது எனலாம். ஒருவருடைய டிக்கெட்டை மற்றொருவர் காட்டினால் அட்டை பொருந்தாது. ஒரு கணிப்பொறியின் இரசீதை இன்னொன்றுக்கு நகல் எடுத்தால் எண் பொருந்தாது.

ஆனால் டிக்கெட்டைப் பார்க்கப் பரிசோதகர் வேண்டும் அல்லவா? அந்த வேலையை ஆப்பிள் மென்பொருள் ஆக்குநரிடமே விட்டுவிட்டது. மென்பொருள் திறக்கும்போது, தன் இரசீதைத் தானே எடுத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

விளைவு கடை திறந்த உடனேயே தெரிந்தது. இலவசமாகக் கிடைத்த ட்விட்டர் மென்பொருளை முறைப்படி இறக்கிக்கொள்வது. அதன் இரசீதையும் கையொப்பக் கோப்புகளையும் எடுத்து, விலை கொடுக்காமல் பெற்ற ஆங்ரி பேர்ட்ஸ் விளையாட்டின் நகலுக்குள் வைப்பது. அவ்வளவுதான், விளையாட்டு திறந்துகொண்டது! இங்கே போலி எது? இரசீது மெய்யானது. ஆப்பிளின் கையொப்பம் மெய்யானது. கணிப்பொறியும் உரியதே. அந்த இரசீது வேறொரு பொருளுக்கானது என்பது ஒன்றே குறை. அதைத்தான் விளையாட்டு சரியாகப் பார்க்கவில்லை. மற்றும் பல மென்பொருள்கள் இரசீதைப் பார்க்கவே இல்லை என்பதும் அப்போது வெளிச்சத்துக்கு வந்தது. வேறு ஊருக்கான செல்லுபடியாகும் டிக்கெட்டைக் காட்டியவரை, முத்திரையை மட்டும் பார்த்து உள்ளே விட்ட கதை இது.

இன்னொரு நுட்பமும் உண்டு. இரசீதில் உள்ள பெயரை எதனோடு ஒப்பிடுவது? மென்பொருளுடன் வரும் விவரக் கோப்பில் அதன் பெயர் எழுதியிருக்கும். ஆனால் அக்கோப்பை எவரும் திருத்தலாம். அதனோடு ஒப்பிட்டால், திருடனிடமே பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டது போலாகும். ஆகையால் எதிர்பார்க்கும் பெயரையும் பதிப்பெண்ணையும் நிரலுக்குள்ளேயே நிலையாக எழுதிவிட வேண்டும் என்பது ஆப்பிள் தந்த அறிவுரை.

நிரலையே திருத்திவிட்டால்? திருத்தினால் கையொப்பம் பொருந்தாது. திருத்தியவர் தம் சொந்தக் கையொப்பத்தை இட்டால்? என்னை ஒப்பமிட்டவர் யார் என்று நிரல் பார்க்கலாம். அந்தப் பார்க்கும் பகுதியையே நீக்கிவிட்டால்? காவலுக்குக் காவல் போட்டுக்கொண்டே போனாலும் முடிவில்லை. பூட்டு இருப்பது பிறர் வீட்டில். வீட்டுக்காரர் பிடிவாதமாக முயன்றால் ஒரு நாள் உடைத்தே தீருவார். ஆகவே இரசீதுச் சோதனை கைதேர்ந்த திருடருக்கானதன்று, சும்மா கிடைக்கிறதே என்று கை நீட்டுபவருக்கானது என்பதே என் கருத்து. இதை மறந்து சோதனையைக் கடுமையாக்கினால் அடி விழுவது யார் தலையில்?

2015 நவம்பர் 11-ஆம் நாள் நடந்ததைப் பாருங்கள். கடையின் இரசீதுகளுக்கு ஆதாரமான ஆப்பிள் சான்றிதழ் அன்று காலாவதியாயிற்று. பணம் கொடுத்து வாங்கி, ஆண்டுக்கணக்கில் பயன்படுத்தி வந்தவர்கள் தம் மென்பொருளைத் திறந்தபோது, “இது சிதைந்துள்ளது, நீக்கிவிட்டு மீண்டும் இறக்கிக்கொள்ளுங்கள்” என்ற செய்தி வந்தது. புதிய சான்றிதழ் வந்தும் துன்பம் தீரவில்லை. அது எஸ்.எச்.ஏ.-2 முறையில் அமைந்திருந்தது. சரிபார்க்கப் பழைய நிரல் தொகுப்புகளைப் பயன்படுத்திய மென்பொருள்களுக்கு அம்மொழி புரியவில்லை. முடிவில் ஆப்பிள் நிறுவனம் பழைய எஸ்.எச்.ஏ.-1 முறையிலேயே வேறொரு சான்றிதழை வெளியிட்டுச் சமாளித்தது. திருட்டு நகல் வைத்திருந்தோர், சோதனையே நீக்கப்பட்ட நகலாயின், அன்றைக்கும் வழக்கம்போல் வேலை பார்த்திருப்பார்கள். இரசீது வைத்திருந்தவர்தாம் வாசலில் நிறுத்தப்பட்டார்.

காலாவதியைப் பற்றி ஒரு சொல். தலைமையாசிரியர் ஓய்வு பெற்றுவிட்டார் என்பதற்காக, பணியிலிருந்தபோது அவர் ஒப்பமிட்ட மாற்றுச் சான்றிதழ் செல்லாது என்போமா? அவர் ஒப்பமிட்ட நாளில் பதவியில் இருந்தாரா என்றுதானே கேட்போம்? விண்டோஸ் நிரல்களில் கையொப்பத்துடன் நம்பகமான நேர முத்திரையும் சேர்ப்பது இதற்காகவே. இரசீதுகளிலும் அப்படியே. சான்றிதழை இன்றைய தேதியோடு ஒப்பிடாமல், இரசீது உண்டான தேதியோடு ஒப்பிட வேண்டும் என்று ஆப்பிளின் வழிகாட்டி கூறுகிறது. சரிபார்க்கும் நிரல் தொகுப்புகள் பல தாமாகவே இன்றைய தேதியை எடுத்துக்கொள்வதால், இவ்விடத்தில் இடறுவது எளிது.

2020 நவம்பர் 12-ஆம் நாளின் செய்தி இன்னும் விந்தையானது. மேக் கணிப்பொறி ஒரு மென்பொருளைத் திறக்குமுன், அதை ஆக்கியவரின் சான்றிதழ் இரத்தாகிவிட்டதா என்று ஆப்பிளின் மையக் கணிப்பொறியைக் கேட்பதுண்டு. இணைப்பு இல்லையேல் திறக்கட்டும் என்பது ஏற்பாடு. அன்று புதிய இயக்கமுறை வெளியான நெரிசலில் மையக் கணிப்பொறி செத்தும் போகவில்லை, பதிலும் சொல்லவில்லை. பல நாடுகளிலும் மேக் வைத்திருந்தோர் பல மென்பொருள்களைத் திறக்க முடியாமல் காத்திருந்தனர். வலைத் தொடர்பைத் துண்டித்தவர்களுக்கு உடனே திறந்தது!

இரசீது பொருந்தாவிடில் என்ன செய்வது என்பதற்கு ஆப்பிள் தொடக்கத்திலேயே ஒரு வழி வகுத்திருந்தது. மென்பொருள் 173 என்ற எண்ணைச் சொல்லிவிட்டு வெளியேற வேண்டியிருந்தது. அதைக் கண்ட இயக்கமுறை, பயனரின் கணக்கைக் கேட்டுப் புதிய இரசீதைப் பெற்றுத் தர முயன்றது. முகத்தில் அடித்தாற்போல் கதவைச் சாத்தாமல், “இரசீதை மறந்துவிட்டீர்களோ? இருங்கள், கணக்கேட்டில் பார்க்கிறேன்” என்று சொல்லும் நல்ல கடைக்காரரின் வழி அது. 2021-க்குப் பிறகு வந்த புதிய முறையில், கையொப்பத்தையும் கணிப்பொறியின் அடையாளத்தையும் ஆப்பிள் தரும் நிரல் தொகுப்பே பார்த்து, ‘சரிபார்க்கப்பட்டது’, ‘சரிபார்க்கப்படவில்லை’ என்ற இரண்டில் ஒன்றை விடையாகக் கூறுகிறது. இரண்டாவது விடை வரும்போது எதிரே அமர்ந்திருப்பவரிடம் என்ன சொல்வது என்பதை மட்டும், முன்போலவே, நிரல் எழுதுபவர்தாம் முடிவு செய்ய வேண்டும்.