இணைப்பில்லை என்னும் பொய்யெச்சரிக்கை

மன்னார்ப் புகையிரதப் பாதை 1990 இல் தடைப்பட்டு, 2013 இல் மடு வீதி வரையும் 2015 இல் தலைமன்னார் வரையும் மீளத் திறக்கப்பட்டது. புகையிரதப் பாதைகளிற் பண்டு நின்ற கைகாட்டி, கம்பியால் இயக்கப்படுவது. கம்பி அறுந்தால் அதன் கை தானாகவே அபாயநிலைக்குத் திரும்பும். ஆதலின் அக்குறி கண்டு, முன்னே வண்டி நிற்கின்றதென முடிவுசெய்தல் பொருந்தாது. பாதை திறந்துள்ளமை உறுதிப்படவில்லை என்பதே அதன் பொருளாகும்.

கணினியுலகிலும் இதனையொத்த குறியொன்றுண்டு. ஒரே கணினியின் வலுவைப் பகுத்துத் தனித்தனிக் கணினிகள்போல் இயங்கச் செய்யப்படுபவையே மெய்நிகர்ச் சேவையகங்கள். விண்டோஸ் இயங்கும் அத்தகைய சேவையகத்திற் கடிதங்கள் தடையின்றிப் போய்வர, மூலையிலோ மஞ்சள் முக்கோணம் தோன்றி 'இணையம் இல்லை' என்னும். இம்முரண்பாடு எங்ஙனம் நிகழ்கின்றது?

2007 இல் வெளிவந்த விஸ்டா முதலாக, விண்டோஸ் தன் இணைப்பைத் தானே சோதிக்கின்றது. மைக்ரோசொப்ட் நிறுவனத்தின் முகவரியொன்றிலிருந்து சிறு கோப்பொன்றை அது வேண்டும். இக்காலப் பதிப்புகளில் அக்கோப்பின் வாசகம் 22 எழுத்திடங்களே. அது பிசகின்றி வந்தால் இணையம் உண்டு, வராவிடின் இல்லை. அலுவலகத் தீச்சுவர் அம்முகவரியை மறித்தாலும், பதிலாள் சேவையகம் வேறொரு பக்கத்தை விடையாகத் தந்தாலும் முக்கோணம் தோன்றிவிடும். அறுந்தது கைகாட்டியின் கம்பியேயன்றித் தண்டவாளம் அன்று.

இதற்கு மறுதலையான மயக்கமும் மெய்நிகர்ச் சேவையகத்திற்கு உண்டு. அதன் வலையட்டை மென்பொருளாலான ஆளியொன்றுடனேயே பிணைந்திருப்பதால், வெளியே மெய்யான வடம் கழன்றபோதும் 'இணைக்கப்பட்டுள்ளது' என்றே பெரும்பாலும் காட்டும். இது முன்னையதினும் கேடுடையது.

ஆகவே படிப்படியாக ஆராய்தல் வேண்டும். முதலில் நுழைவாயில் விடையளிக்கின்றதா எனப் பார்க்க. பின்னர் வெளியிடமொன்றை எண்முகவரியாலும், அதன்பின் பெயராலும் அணுகுக. எண்ணுக்கு வழியிருந்து பெயருக்கு இல்லையாயின், பழுது பெயர்ச்சேவையிலே உளது; அப்பொழுது எச்சரிக்கையை முற்றும் பொய்யெனல் ஆகாது. மூன்றும் கைகூடிச் சோதனைக்கோப்பு மட்டும் வாராதிருப்பின், எச்சரிக்கை பொய் எனத் துணியலாம். 'பிங்' கட்டளைக்கு விடை வராமையைப் பெரிதாகக் கொள்ளற்க. அதனையும் தீச்சுவர்கள் மறிப்பதுண்டு. கோப்பும் வந்து முக்கோணம் மட்டும் நீங்காதாயின், வலையட்டையை ஒருமுறை முடக்கி மீள இயக்கினாற் சோதனை புதிதாக நடைபெறும்.

பதிவேட்டில் ஓர் எண்ணைச் சுழியமாக்கிச் சோதனையையே நிறுத்திவிடுவாரும் உளர். அது எளிது, ஆயினும் மெய்யாகவே இணைப்பு அறும் நாளில் அறிவிப்பதற்கு ஒன்றுமிராது. தீச்சுவரில் அவ்வொரு முகவரிக்கு வழிவிடுதலே தக்கது. எச்சரிக்கை பொய்தானேயென்று வாளாவிருத்தலும் இயலாது. மைக்ரோசொப்டின் அலுவலக மென்பொருள்கள் சில இக்குறியையே நம்பி, இணையம் இருக்கவும் உள்நுழைய மறுப்பதுண்டு.