மைக் முன்னாடி மட்டும் வர்ற ‘ழ’

போன எபிசோடை எடிட் பண்றப்போ கவனிச்சேன்: மைக்ல ‘வாழைப்பழம்’னு சொல்ற நான், அம்மாகிட்ட போன்ல ‘வாளப்பளம்’னு சொல்றேன். மயிலாப்பூர்ல வண்டிக்கார அண்ணன்கிட்ட அது ‘வாயப்பயம்’.

வில்லியம் பிரைட்டும் ஏ.கே.ராமானுஜனும் 1964ல வெளியான கட்டுரையில பிராமணர், பிராமணரல்லாதார் பேச்சுத்தமிழை ஒப்பிட்டாங்க. முதல் தரப்புல ‘ழ’ நிலைச்சிருக்கு. அடுத்ததுல பெரும்பாலும் ‘ள’வோட கலந்துடுச்சு. அதாவது ஒலிய முடிவு பண்றதுல பிறந்த வீட்டுக்கும் பங்கு இருக்கு.

நிக்கிற இடத்துக்கும்தான். செய்தி வாசிக்கணும்னா ‘ழ’ பழகியே ஆகணும். பழம் விக்க அது தேவையில்ல. நானும் மைக்குக்காகத்தான் பழகினேன். அந்த அண்ணனோட ‘பயம்’ கேட்டு ஒரு காலத்துல சிரிச்சிருக்கேன். எங்க வீட்டு ‘பளம்’ அப்போ என் காதுல விழவே இல்ல.