இரும்புக்கு மறுபிறவி – 6: மூளையை மட்டும் மாற்றுவோம்

பழைய சி.என்.சி. மில்லிங் மெஷின்களில் முதலில் சாவது பெரும்பாலும் கன்ட்ரோலர்தான். உதாரணமாக, அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் 1938-ல் விற்பனைக்கு வந்தது பிரிட்ஜ்போர்ட் மில்லிங் மெஷின். 1970-களில் அந்த வார்ப்பிரும்பு உடம்பிலேயே ஸ்டெப்பர் மோட்டார்களைப் பூட்டி, 'பாஸ்' என்ற கன்ட்ரோலரைச் சேர்த்து, சி.என்.சி. ஆக்கி விற்றார்கள். துளையிட்ட காகித நாடாவில் நிரல் படித்த காலம் அது. அந்தக் கன்ட்ரோலரின் மின்னணுக் கார்டுகளில் ஒன்று பழுதானால் மாற்றுக் கார்டு தேடி அலைய வேண்டும். டேபிளும் தூணும் மட்டும் இன்னும் உழைக்கத் தயாராக நிற்கின்றன. பொழுதுபோக்காகப் பட்டறை நடத்துகிறவர்களுக்கு இது நல்ல வாய்ப்பு.

சென்ற வாரம் டயல் கேஜ் வைத்து பேக்லாஷ், அதாவது திருகின் தளர்வை, அளந்தோம். அதில் தேறிய மெஷினைத்தான் இப்போது கையில் எடுக்கிறோம். டேபிளை நகர்த்தும் திருகு தேய்ந்துபோயிருந்தால், அதை எந்தப் புதிய கன்ட்ரோலராலும் சரிசெய்ய முடியாது.

கன்ட்ரோலர் செய்யும் வேலை என்ன? ஜி-கோடு வரிகளைப் படித்து, ஒவ்வொரு மோட்டாருக்கும் எத்தனை பல்ஸ், எந்த வேகத்தில் என்று கணக்கிட்டு அனுப்புகிறது. மோட்டார் ஒரு சுற்றுக்கு 200 ஸ்டெப். மோட்டாரை இயக்கும் டிரைவரில் மைக்ரோஸ்டெப்பை 10 என வைத்தால் 2,000 பல்ஸ். திருகு ஒரு சுற்றுக்கு 5 மி.மீ. நகர்த்தினால், மில்லிமீட்டருக்கு 400 பல்ஸ். டேபிள் நிமிடத்துக்கு 3 மீட்டர் ஓடினால், நொடிக்கு 20,000 பல்ஸ் தேவை. அவை சீரான இடைவெளியில் வர வேண்டும். தாளம் பிசகினால் மோட்டார் ஸ்டெப் தவறும், வேலைப்பொருள் வீணாகும்.

சாதாரண இயங்குதளம் ஓடும் கணினியால் இந்தத் தாளத்தைக் காக்க முடியாது. நடுவில் வேறு வேலைக்குப் போய்விடும். இதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, ஆர்டுயினோ உனோ போர்டில் ஓடும் ஜிஆர்பிஎல் என்ற நிரல். நொடிக்குச் சுமார் 30,000 பல்ஸ் வரை தரும். மூன்று அச்சு மெஷினுக்குப் போதும். இன்னொன்று லினக்ஸ்சிஎன்சி. நேரம் தவறாத லினக்ஸ் கெர்னலில் ஓடும் இது, நான்காவது அச்சு, சர்வோ மோட்டார், என்கோடர் எல்லாவற்றுக்கும் இடம் தரும். பல்ஸ் வேலையைத் தனி எஃப்பிஜிஏ கார்டிடம் ஒப்படைத்தால் வேகம் இன்னும் கூடும். 1990-களில் அமெரிக்க அரசின் தர நிர்ணய ஆய்வகமான நிஸ்ட் எழுதிய நிரலில் இருந்து வளர்ந்தது லினக்ஸ்சிஎன்சி. அரசு எழுதியது என்பதால் பொதுச் சொத்தானது. ஆர்வலர்கள் எடுத்து வளர்த்தார்கள். மக்கள் வரிப்பணம் வீட்டுப் பட்டறை வரை வந்து சேர்ந்த நல்ல கதை. சர்வோவும் பெரிய மெஷினும் வைத்திருப்போர் லினக்ஸ்சிஎன்சி பக்கம் போவதே நல்லது என்பேன்.

அளவு அமைக்கும்போது ஒரு கவனம் தேவை. பழைய அமெரிக்க மெஷின்களின் திருகு பலவும் அங்குலக் கணக்கில் வெட்டியவை. அங்குலத்துக்கு 5 சுற்று என்றால் ஒரு சுற்றுக்கு 5.08 மி.மீ. அதை 5 என்று எண்ணி 400 பல்ஸ் கொடுத்தால், 100 மி.மீ. போகச் சொன்ன டேபிள் 101.6 மி.மீ. போய் நிற்கும். சரியான எண் 393.7. எனவே கணக்குப் போட்டதோடு விடாமல், டேபிளை நகர்த்தி அளந்து பாருங்கள்.

வயரிங்கில் நான்கு விதிகளை விடவே கூடாது. எமர்ஜென்சி சுவிட்ச் மென்பொருளை நம்பாமல் டிரைவருக்குப் போகும் மின்சாரத்தையே துண்டிக்க வேண்டும். லிமிட் சுவிட்சுகள் சாதாரண நிலையில் மூடியிருக்கும் வகையாக இருக்கட்டும். வயர் அறுந்தாலும் மெஷின் நின்றுவிடும். மின்சாரம் ஓடும்போது மோட்டார் வயரைக் கழற்றாதீர்கள், டிரைவர் எரிந்துவிடும். பவர் சப்ளையை அணைத்த பிறகும் கெப்பாசிட்டரில் மின்னேற்றம் தங்கும். மீட்டரில் பார்த்த பிறகே கை வையுங்கள். தொழிற்சாலையில் பாதுகாப்பைக் கவனிக்கத் தனி ஆள் உண்டு. வீட்டுப் பட்டறையில் அந்தப் பொறுப்பும் நம்முடையதே.

எல்லாம் பூட்டியதும் கட்டர் இல்லாமல், குறைந்த வேகத்தில், ஒரு கை எமர்ஜென்சி சுவிட்சில் இருக்க, ஒரு சதுரத்தை ஓட்டிப் பாருங்கள். புறப்பட்ட இடத்துக்கே டேபிள் திரும்பியதா என்று டயல் கேஜ் சொல்லிவிடும்.

அடுத்த வாரம்: ஸ்பிண்டில் மோட்டாருக்கு வேகக் கட்டுப்பாடும், அதன் மின் இரைச்சலில் இருந்து சிக்னல் வயர்களைக் காப்பதும்.